எதிர்வெயிலில் பறவை கருப்பாகிறதா? ஃபிளாஷை அடக்கிப் போடுங்கள்

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் காலையில் கடல் பக்கம் பார்த்துப் படமெடுக்கிறேன். கொக்கும் நீர்க்காகமும் கருநிழலாக விழுகின்றன. ஃபிளாஷ் போட்டால் வானம் வெளுத்துவிடுகிறது, பறவையின் கண்ணும் பளீரென்று மின்னுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வானத்தை வெளுக்க வைப்பது ஃபிளாஷ் இல்லை, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) திறந்திருக்கும் நேரம். ஃபிளாஷ் மாட்டியதும் பெரும்பாலான கேமராக்கள் ஷட்டர் வேகத்தை 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் போகவிடாது. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 800-இலேயே விட்டிருந்தால் அந்த வேகத்தில் பின்னணி வெளுத்துவிடும்.

அதனால் முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேனுவலில் 1/250, ஐஎஸ்ஓ 100 வைத்து, வானத்துக்கு மட்டும் அப்பர்ச்சரைச் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) சரிசெய்யுங்கள். பறவை கருப்பாகவே இருக்கட்டும். பிறகு ஃபிளாஷைப் போட்டு, டிடிஎல்லில் (லென்ஸ் வழி வரும் ஒளியை அளந்து ஃபிளாஷைத் தானே சரிசெய்யும் முறை) அதன் அளவை மைனஸ் 1.7 ஸ்டாப்புக்கு இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்). கொக்கின் இறகு வெளுத்தால் இன்னும் இறக்க வேண்டும். நீர்க்காகம் சாம்பல் பூத்தாலும் அதேதான்; கருப்பைச் சாம்பலாக்கப் பார்ப்பது டிடிஎல்லின் குணம்.

எவ்வளவு தூரம் எட்டும்? ஃபிளாஷின் பலத்தைக் காட்டும் கைடு நம்பரை எஃப் எண்ணால் வகுங்கள். ஐஎஸ்ஓ 100-இல் கைடு நம்பர் 60 மீட்டர் என்றால், எஃப் 5.6-இல் முழு வெளிச்சம் சுமார் 10.7 மீட்டர் போகும். மைனஸ் 1.7-இல் நமக்குத் தேவை அதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் என்பதால் 19 மீட்டர் வரை சமாளிக்கலாம். வெயில் ஏறி எஃப் 11-க்கு மூடினால் அந்தத் தூரம் பாதியாகிவிடும். அதற்கும் அப்பால் இருக்கும் பறவைக்கு ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) பிறகு கணினியில் நிழலை வெளிச்சமாக்கிக்கொள்வதே மேல்.

ஃபிளாஷ் முன் மாட்டும் ஃப்ரெனல் லென்ஸ் (ஒளியைக் குவிக்கும் தட்டையான லென்ஸ்) எட்டும் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். ஆனால் எதிர்வெயிலில் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தால், வெயிலைக் குவித்து ஃபிளாஷின் முகத்தையே உருக்கிவிடும். படமெடுக்காத நேரமெல்லாம் துணியால் மூடிவையுங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

கண் மின்னுவது, ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால். பிராக்கெட் (தாங்கி) போட்டு ஃபிளாஷை 30 செ.மீ. உயர்த்தினால் கிட்டத்தில் குறையும். 15 மீட்டரில் அந்த உயரம் போதாது. வெளிச்சம் ஏறும்வரை பொறுங்கள், பறவையின் கண்பாவை சுருங்கியதும் மின்னுவதும் அடங்கும்.

இத்தனையும் உட்கார்ந்திருக்கும் பறவைக்குத்தான். பறக்கும் பறவைக்கு 1/250 போதாமல் சிறகு இரட்டையாக விழும். ஹை-ஸ்பீட் சிங்க்கில் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் இயங்கும் முறை) 1/1600 போகலாம், ஆனால் ஃபிளாஷின் பலம் வெகுவாக இறங்கிவிடும். பத்து மீட்டருக்குள் வந்தால் முயலுங்கள்.

கடற்காற்றின் உப்பு, ஃபிளாஷ் மாட்டும் ஹாட்ஷூ முனைகளில் படிந்தால் டிடிஎல் தப்பாக வேலை செய்யும். வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மாலையில் அதே இடத்தில் நின்று பாருங்கள்: வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும், ஃபிளாஷே வேண்டியிருக்காது. பொழுது சாய்ந்தபின் இரை தேடக் கிளம்பும் வக்காவுக்கும், கூட்டில் இருக்கும் எந்தப் பறவைக்கும் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.