கடன் எவ்வளவு என்பதைவிட, யாரிடம், எந்த நாணயத்தில்?

கேள்வி: நாட்டுக் கணக்கில் துண்டு விழுந்தால் உலக அரங்கில் செல்வாக்கும் போய்விடுமா?

பதில்: வெளியாரின் தயவு தேவைப்படும் நிலை வந்தால் போகும். 1956 சூயஸ் விவகாரத்தைப் பாருங்கள்: சூயஸ் கால்வாயை எகிப்து நாட்டுடைமையாக்கியதால் வந்த மோதல். எகிப்தில் படை இறக்கிய பிரிட்டன் போர்க்களத்தில் தோற்கவில்லை. அடி விழுந்தது பவுண்டில். ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்ற நிலையான மதிப்பைக் காப்பாற்ற, கையிருப்பு டாலரை விற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பன்னாட்டு நிதியத்திடம் (ஐஎம்எஃப்) கடன் கேட்கலாம் என்றால் அமெரிக்காவின் ஐசன்ஹோவர் அரசு குறுக்கே நின்றது: முதலில் படையை விலக்குங்கள், அப்புறம் பேசலாம். படையெடுப்பை உற்சாகமாக ஆதரித்த நிதியமைச்சர் மேக்மில்லனே, கையிருப்பு கரைவதைக் கண்டு நிறுத்தச் சொன்னார். விலகச் சம்மதித்த பிறகு, டிசம்பரில் நிதியம் 56.1 கோடி டாலர் தந்தது. அடுத்த மாதமே பிரதமரானவரும் அதே மேக்மில்லன்தான். அரசியல்!

கேள்வி: ஜப்பான் அரசின் கடன் ஜிடிபியில் (நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியில்) 200 சதவீதத்துக்கும் மேல். அதைவிடக் குறைந்த கடனிலேயே கிரீஸ் கவிழ்ந்தது எப்படி?

பதில்: ஜப்பான் கடன்பட்டிருப்பது யென்னில், பெரும்பாலும் தன் நாட்டு வங்கிகளிடமும் மத்திய வங்கியிடமும். கிரீஸ் பட்டது யூரோவில். அதை அச்சடிக்கும் அதிகாரம் ஏதென்ஸிடம் இல்லை. பற்றாக்குறை முன்பு சொன்னதைவிட மிக அதிகம் என்று 2009 இறுதியில் தெரிந்ததும், கடன் கொடுத்த வெளிநாட்டார் வட்டியை ஏற்றிவிட்டார்கள்.

கேள்வி: நெருக்கடி அமெரிக்காவில், ஆனால் டாலர் ஏறுகிறது. என்ன நியாயம்?

பதில்: நியாயம் இல்லை, பழக்கம். 2008-ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது உலகமே டாலரைத் தேடி ஓடியது. உலகெங்கும் வங்கிகள் பட்ட கடன்களில் பெரும்பகுதி டாலரில் இருந்ததே காரணம். 2011 ஆகஸ்டில் தரமதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி அமெரிக்காவின் கடன் தரத்தைக் குறைத்தது. அப்போதும் முதலீட்டாளர்கள் அந்நாட்டு அரசின் கடன் பத்திரங்களையே வாங்கினார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் இறக்குமதி வரி அறிவிப்புக்குப் பின் டாலரும் பத்திர விலையும் ஒருசேரச் சரிந்தன. எனக்கு உறுத்துவது அதுதான். அடிக்கடி அப்படி நடந்தால், அமெரிக்காவும் மற்ற நாடுகளைப்போல் பற்றாக்குறைக்குக் கூடுதல் வட்டி கொடுக்க நேரும்.

கேள்வி: டாலரின் இடத்தை யுவான் பிடிக்குமா?

பதில்: பணம் தடையின்றி உள்ளே வரவும் வெளியே போகவும் சீனா அனுமதிக்காதவரை, இல்லை.