ஜான் ஓஸ்டர்ஹவுட்: வகுப்பறையை விட்டுப் போனவர், வகுப்பறைக்கே திரும்பி வந்தவர்

சிப் வடிவமைப்புத் துறைக்கு நான் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. வேலையில் சேர்ந்த முதல் வாரமே டிக்கிள் (Tcl) என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரலைக் கையில் கொடுத்து, "இதைப் புரிந்துகொண்டு வா" என்றார்கள். அந்த மொழியை உருவாக்கியவர்தான் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஜான் ஓஸ்டர்ஹவுட். பெர்க்லியில் 14 ஆண்டுகள் பேராசிரியர், அடுத்த 14 ஆண்டுகள் தொழில்துறை, 2008 முதல் ஸ்டான்ஃபோர்டில் மீண்டும் பேராசிரியர். அவருடைய பணி வாழ்க்கையைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இவர் பெயரை எங்கள் கல்லூரியில் யாரும் சொன்னதே இல்லை. அவ்வளவு முக்கியமானவரா?

பதில்: பெயரைக் கேள்விப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய கைவேலையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். பைத்தான் கற்கும்போது திரையில் ஒரு ஜன்னலையும் பொத்தானையும் வரவழைக்க டிகின்டர் என்ற நூலகத்தை அழைத்திருப்பீர்கள் அல்லவா? அதற்குள் உட்கார்ந்து வேலை செய்வது டிகே. டிக்கிள் மொழிக்குத் துணையாக அவர் எழுதிய வரைகலைக் கருவித் தொகுப்பு அது. நம் கைபேசிகளில் எல்லாம் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளமும் முதலில் டிக்கிளுக்கான ஒரு நீட்சியாகத்தான் பிறந்தது.

1954இல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். யேலில் இயற்பியல் படித்து 1975இல் பட்டம் பெற்றார். 1980இல் கார்னகி மெல்லனில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டு பெர்க்லியில் ஆசிரியராகச் சேர்ந்தார். சிப் வடிவமைப்பு மென்பொருளில் செய்த பணிக்காக 1987இல், இளம் கணினியாளர்களுக்கு வழங்கப்படும் கிரேஸ் மரே ஹாப்பர் விருது அவருக்குக் கிடைத்தது. டிக்கிளுக்கும் டிகேவுக்கும் 1997இல் ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கத்தின் மென்பொருள் விருதைப் பெற்றார்.

கேள்வி: ஐயா, சிப் வடிவமைப்புக் கருவி எழுதிக்கொண்டிருந்தவர் எதற்காகப் புதிதாக ஒரு கணினி மொழியை உருவாக்கப் போனார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதை இது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1980களில் பெர்க்லியில் அவரும் மாணவர்களும் மேஜிக் என்ற கருவியை எழுதினார்கள். சிப்பின் அடுக்குகளைத் திரையில் வரைய உதவுவது அது. அதோடு வேறு சில கருவிகளையும் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் பயனர் கட்டளையிட ஒரு சின்ன மொழி தேவைப்பட்டது. அவர்களுடைய கவனமோ கருவியின்மேல் இருந்தது. அதனால் கட்டளை மொழியை ஏனோதானோவென்று செய்து முடித்தார்கள். ஒன்றில் மாறிகள் இருக்காது, இன்னொன்றில் சுழற்சி இருக்காது. ஒரு கருவியில் கற்றது அடுத்த கருவியில் உதவாது.

1987இன் இறுதியில் டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் விடுப்பு ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. கட்டளை மொழியை ஒரே ஒருமுறை நன்றாகச் செய்து, ஒரு நூலகமாக வைத்துவிட்டால், எந்தக் கருவியும் அதை எடுத்துத் தனக்குள் பொருத்திக்கொள்ளலாமே! மாறி, சுழற்சி, செயல்கூறு போன்ற பொதுவானவற்றை மொழி பார்த்துக்கொள்ளும். கருவி தனக்கே உரிய கட்டளைகளை மட்டும் அதில் சேர்த்துக்கொண்டால் போதும். கருவிகளுக்கான கட்டளை மொழி என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் டிக்கிள். பெர்க்லிக்குத் திரும்பி 1988 தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

இன்று நான் வேலை செய்யும் மேசையில் சினாப்சிஸ், கேடன்ஸ் என்று போட்டி நிறுவனங்களின் கருவிகள் அருகருகே ஓடுகின்றன. கடிகார வேகத்தை அமைக்கும் கட்டளை, மின்கம்பிகளைப் பாய்ச்சும் கட்டளை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பட்டவை உண்டு. ஆனால் சதுர அடைப்பும் டாலர் குறியும் சுழற்சியும் எல்லாவற்றிலும் ஒன்றேதான். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் புதியவர் ஒரே நாளில் நிமிர்ந்துவிடுகிறார். 1987இல் ஒருவர் பட்ட எரிச்சலுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்வுதான் வருகிறது.

கேள்வி: அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது? எங்கள் அலுவலகத்தில் மூன்று எழுத்துகளையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள்.

பதில்: டிக்கிள். அதை உருவாக்கியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

கேள்வி: பெர்க்லி போன்ற இடத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவியை யாராவது விடுவார்களா? பணத்துக்காகவா?

பதில்: அவருடைய மனதுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். 1989இல் பத்துப் பேருக்கும் குறைவானவர்களே பயன்படுத்திய டிக்கிளை, 1993 வாக்கில் பல்லாயிரக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இலவசமாகக் கொடுத்ததால் இணையம் வழியாகப் பரவியது. அவ்வளவு பேருடைய பிழைகளைத் திருத்துவதும், விண்டோஸிலும் மெக்கின்டாஷிலும் ஓடும்படி மாற்றி எழுதுவதும் ஒரு பேராசிரியரும் நான்கு மாணவர்களும் செய்து தீர்க்கக்கூடிய வேலை அல்ல. அதற்கெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளும் கிடையாது. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் அதற்கென்றே ஒரு குழுவை அமைத்துத் தர முன்வந்தது. போனார். அங்கேதான் டிகே மற்ற இயங்குதளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது, டிக்கிளின் வேகமும் கூடியது. தான் பெற்ற பிள்ளை வளர்ந்துவிட்டது, அதற்கு ஏற்ற வீடு தேடிப் போனார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: அவருடைய முதல் நிறுவனம் தோற்றுப் போனது என்று படித்தேன். உண்மையா?

பதில்: தோல்வி என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட வேண்டாம். சன் நிறுவனத்தின் முழுக் கவனமும் அதன் சொந்த மொழியான ஜாவாமீது திரும்பியிருந்த காலத்தில், 1998இல், ஸ்கிரிப்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மொழி இலவசம், அதற்கான பிழைதிருத்தி முதலிய மேம்பாட்டுக் கருவிகள் விலைக்கு. திறமூல மென்பொருளை வைத்துத் தொழில் நடத்துவது எப்படி என்று எல்லோரும் தடவிக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு நிறுவனங்களின் கணினிகளுக்கு இடையே எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தின் வழியாகத் தகவல் பரிமாறும் மென்பொருளின் பக்கம் திரும்பி, அஜூபா சொல்யூஷன்ஸ் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். 2000இல் இன்டர்வோவன் என்ற நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

நான் மதிப்பது அதே ஆண்டு நடந்த இன்னொன்றை. டிக்கிளைத் தன் நிறுவனத்தோடு கட்டிப்போடாமல், பயனர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு குழுவிடம் அதை ஒப்படைத்தார். நிறுவனம் கைமாறிய பிறகும் மொழி அனாதையாகவில்லை. அது இன்றுவரை ஓடுவதற்கு அந்த ஒப்படைப்பும் ஒரு காரணம்.

கேள்வி: எலக்ட்ரிக் கிளவுட் பற்றிச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்தால் இன்றைய கிளவுட் கம்ப்யூட்டிங் மாதிரி இருக்கிறதே?

பதில்: அது அவருடைய அடுத்த நிறுவனம், 2002இல் தொடங்கினார். அன்றைக்குக் கிளவுட் என்ற சொல் இப்படி எல்லோர் வாயிலும் புழங்கவில்லை. அவர்கள் கையிலெடுத்தது ஒரே ஒரு தலைவலியை. பெரிய மென்பொருளின் நிரல்களை ஓடும் வடிவத்துக்குத் தொகுத்து முடிக்க மணிக்கணக்கில் ஆகிறது. பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் முடிவு தப்பாகிவிடுகிறது. ஏன்?

கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் வரிசையாகச் செய்தால் எல்லாம் சரியாக நடக்கும். பத்துப் பேரிடம் பிரித்துக் கொடுக்கும்போது, "பருப்பு வெந்த பிறகுதான் சாம்பாரில் கை வைக்க வேண்டும்" என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தலைமைச் சமையல்காரர் மனதில் இருப்பதால் அதை யாரும் எழுதுவதில்லை. மேக் என்ற தொகுப்புக் கருவியின் சீட்டிலும் இதே கதைதான். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதில் பாதி எழுதப்படாமலேயே இருக்கும்.

எலக்ட்ரிக் கிளவுட் அந்தச் சீட்டை நம்பவில்லை. ஒவ்வொரு வேலையும் எந்தெந்தக் கோப்பைப் படித்தது, எதை எழுதியது என்று தன்னுடைய கோப்பு அடுக்கின் வழியாகவே கவனித்தது. வரிசைப்படி பின்னால் வர வேண்டிய வேலை அவசரப்பட்டுப் பழைய கோப்பைப் படித்துவிட்டால், அதன் விளைவைக் கொட்டிவிட்டு மறுபடி ஓடச் செய்தது. கற்றுக்கொண்ட சார்பை அடுத்த முறைக்கு நினைவில் வைத்துக்கொண்டது. பயனர் தன் சீட்டில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஒரே கணினியில் வரிசையாக ஓடினால் வரும் அதே விளைவு, மிகச் சீக்கிரமாகக் கிடைக்கும். 2019இல் கிளவுட்பீஸ் நிறுவனம் எலக்ட்ரிக் கிளவுடை வாங்கியது.

கேள்வி: டிக்கிளை உபயோகிக்காதீர்கள் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் அதை 1994இல் எழுதினார். டிக்கிள் முழுமையான நிரல்மொழியாக வடிவமைக்கப்பட்டதல்ல, பெரிய நிரல்களுக்குத் தாங்காது என்பது அவர் வாதம். பெரிய உறுப்புகளை சி போன்ற மொழியில் எழுதுங்கள், அவற்றை ஒட்ட மட்டும் டிக்கிள் என்பது ஓஸ்டர்ஹவுட்டின் நிலை. அந்த எல்லையைத் தாண்டி, 5,000 வரிக்கு டிக்கிளில் எழுதப்பட்ட ஒன்றை நான் பராமரித்திருக்கிறேன். அந்த மாதங்களில் ஸ்டால்மன் சொன்னது சரி என்றே தோன்றியது.

கேள்வி: நிறுவனங்களை நடத்தியவர் ஏன் மறுபடி பேராசிரியர் ஆனார்? அத்தனை ஆண்டுகள் கழித்து ஆய்வு உலகம் கைகொடுக்குமா?

பதில்: கைகொடுத்தது. சொல்லப்போனால் பெயர்பெற்ற ஆய்வு ஒன்று திரும்பி வந்த பிறகுதான் நடந்தது. 2008இல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து, ராம்கிளவுட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான கணினிகளின் தரவு முழுவதையும் வட்டில் வைக்காமல் நினைவகத்திலேயே வைத்திருப்பது அதன் நோக்கம். ஒரு கணினி விழுந்தால்? 60 கணினிகள் ஒன்றுகூடி 35 ஜிகாபைட் தரவை 1.6 விநாடியில் மீட்டுக் காட்டினார்கள்.

இன்று நீங்கள் கேள்விப்படும் ராஃப்ட் என்ற கணினி வழிமுறை, அவர் தன்னுடைய மாணவர் டியாகோ ஒங்காரோவுடன் சேர்ந்து 2014இல் வெளியிட்டது. பல கணினிகள் ஒரே முடிவுக்கு எப்படி வருவது என்ற பழைய சிக்கலுக்கு லெஸ்லி லாம்போர்ட்டின் பேக்ஸாஸ் என்ற தீர்வு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது தலையைச் சுற்றவைக்கும். இவர்கள் புரிதலையே இலக்காக வைத்தார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பகுதியை மட்டும் பாருங்கள். ஐந்து கணினிகள். தலைவர் பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் "நான் நிற்கிறேன்" என்றால் வாக்கு சிதறி யாருக்கும் பெரும்பான்மை வராது. முதலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தரவரிசை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறந்தது. கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கணினியும் 150 முதல் 300 மில்லி விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் சும்மா காத்திருக்கட்டும் என்று விட்டார்கள். யார் முதலில் விழிக்கிறாரோ அவர் வாக்குக் கேட்பார். மற்றவர்கள் விழிப்பதற்குள் மூன்று வாக்கு சேர்ந்துவிடும். இதை என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் பத்தே நிமிடத்தில் விளக்கிவிட முடிகிறது.

புரிகிறது என்று வாயால் சொன்னால் போதாது என்று, இரண்டு பல்கலைக்கழகங்களின் 43 மாணவர்களுக்கு இரண்டு முறைகளையும் கற்பித்துத் தேர்வு வைத்தார்கள். 33 பேர் ராஃப்ட் கேள்விகளுக்கே மேலான பதில் எழுதினார்கள். பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ், தன் நிலையைச் சேமித்து வைக்கும் எட்சிடி என்ற தரவுக் கிடங்கு இன்று ஓடுவது ராஃப்ட்டின் மேல்தான். பெயரிலும் ஒரு அழகு உண்டு. ராஃப்ட் என்றால் தெப்பம். பேக்ஸாஸ் ஒரு கிரேக்கத் தீவு. அந்தத் தீவிலிருந்து தப்பிக்க ஒரு தெப்பம்.

கேள்வி: தம்பி, நான் 30 ஆண்டு கணினித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தொழிலில் இருந்தது அவருடைய பாடத்தில் தெரிகிறதா?

பதில்: நன்றாகவே தெரிகிறது, ஐயா. மென்பொருள் வடிவமைப்புக்கென்று ஸ்டான்ஃபோர்டில் ஒரு சிறு வகுப்பு நடத்துகிறார். மாணவர்கள் நிரல் எழுதுவார்கள். அதை மற்ற மாணவர்களும் அவரும் வரிவரியாகப் படித்துக் குறை சொல்வார்கள். பிறகு அதே நிரலைத் திருத்தி எழுத வேண்டும். கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் முறைதான் இது. கணினி வகுப்புகளில் நாம் ஒருமுறை எழுதி, மதிப்பெண் வாங்கி, தூர எறிந்துவிடுகிறோம். அவர் அடிக்கடி காட்டும் உதாரணம் யூனிக்ஸின் கோப்புக் கட்டளைகள். திற, படி, எழுது, இடம்மாறு, மூடு. வெளியே தெரிவது ஐந்தே கதவுகள், உள்ளே ஆயிரமாயிரம் வரிகள். பிறர் எழுதிய நிரலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவருக்குத்தான் அந்த ஐந்து கதவுகளின் அருமை தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

பதில்: தரவு மையங்களுக்குள் கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் டிசிபி நெறிமுறைக்கு மாற்றாக ஹோமா என்ற ஒன்றை அவரும் மாணவர்களும் 2018இல் முன்வைத்தார்கள். அதை லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகத்துக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாணவர் யாரிடமும் தள்ளிவிடவில்லை. அதைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஒன்றுதான். கருவக நிரலை 60 வயதைத் தாண்டிய பேராசிரியர் தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.