ஆறாயிரம் வெள்ளியும் ஒரு பாம் ஷெல்டரும்

கேள்வி: தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடிய இன்னும் மூன்று மாதம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தேன், ஆனால் ஆசையெல்லாம் ஒலிப்பதிவில்தான். கையில் 6,000 வெள்ளி இருக்கிறது. கருவிகள் வாங்கி வீட்டிலேயே ஸ்டூடியோ தொடங்கலாமா, இல்லை மறுபடி படிக்கப் போகலாமா? ஸ்டூடியோக்கள் மூடுகின்றன, மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். பேருந்து ஓட்டும் அப்பா, நிரந்தர வேலையைத் தேடு என்கிறார். அப்புறம், எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு பாம் ஷெல்டரை, அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கும் சின்ன அறையை, ரெக்கார்டிங் அறையாக்க முடியுமா?
- வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: தம்பி, அந்த 6,000 வெள்ளி வங்கியிலேயே இருக்கட்டும். இப்போதைக்கு ஒரு நல்ல மூடிய ஹெட்ஃபோன், மின்சாரம் அளக்க ஒரு மல்டிமீட்டர், சின்ன டார்ச், இரண்டு கறுப்புச் சட்டை. இவ்வளவு போதும். கறுப்புச் சட்டை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்டூடியோ மூடுவது ஏஐ வந்ததால் தொடங்கிய கதை இல்லை. 1991-ல் அடாட் என்ற கருவி அறிமுகமானது. வீடியோ கேசட்டில் எட்டு டிராக், அதாவது எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும். அதே ஆண்டு, கணினியில் ஒலி பதியும் புரோ டூல்ஸும் வந்தது. ஒலிப்பதிவு அன்றைக்கே வீட்டுக்குள் நுழையத் தொடங்கிவிட்டது. இன்று செங்காங்கில் ஒரு பெண் தன் படுக்கையறையில் பாடி, அந்த ஒலிக்கோப்பைச் சென்னைக்கு அனுப்பினால், மறுநாள் இசையோடு கலந்த மிக்ஸ் வந்துவிடுகிறது. ஸ்டூடியோவில் கோப்பி வாங்கிக் கொடுத்து, கேபிள் சுருட்டி, சில வருடத்தில் மிக்ஸிங் மேசைக்கு முன்னால் உட்காருவது என்ற பழைய வழி கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது.

கேபிள் சுருட்டும் வேலை மட்டும் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஹோட்டலில் திருமண விருந்து, நிறுவனக் கூட்டம், கோயில் விழா, எஸ்பிளனேட் அரங்கில் கலா உற்சவம்: எல்லாவற்றுக்கும் மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டும், அவற்றைக் கொண்டுவந்து பூட்டிக் கழற்ற ஆளும் வேண்டும். ஒலிக்கருவி வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் பகுதிநேரமாகச் சேருங்கள். கறுப்புச் சட்டை அதற்குத்தான். மேடை ஓரத்தில் நாம் கண்ணில் படக்கூடாது.

உங்கள் டிப்ளோமா வீண் என்று நினைக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது! இப்போது பல அரங்குகளில் டான்டே என்ற முறையில் ஒலி, கணினி நெட்வொர்க் கேபிளில் போகிறது. சத்தம் வரவில்லை என்றால் கோளாறு மைக்கிலும் இருக்கலாம், நெட்வொர்க் சுவிட்சின் அமைப்பிலும் இருக்கலாம். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், கிரவுண்ட் லூப்பாக (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடும் கோளாறு) இருக்குமோ என்று உங்களுக்கு உடனே சந்தேகம் வரும். இசை மட்டும் தெரிந்தவருக்கு அதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆகும்.

ஏஐ பற்றி: பதிவில் ஏர்கான் இரைச்சலை நீக்க நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன். தானாக மாஸ்டரிங் (பாட்டை வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்துதரும் இணையச் சேவை 2014-லேயே வந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கின் தலையைப் பொத்திப் பிடிப்பார். வலைக்குள் இருக்கும் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கர் கீச்சிடும். அந்தக் கையைப் பார்த்த நொடியிலேயே ஒலியளவைக் குறைக்கும் ஃபேடரை இறக்க ஒரு ஆள் வேண்டும். ஆரம்பக் காலத்தில் ஒரு கல்யாணத்தில் நான் வயர்லெஸ் மைக்கின் பேட்டரியை மாற்றாமல் விட்டேன். பெண்ணின் அப்பா கண்கலங்கிப் பேசும்போது அது செத்துப்போனது. இன்றும் நிகழ்ச்சிக்கு முன் புதுப் பேட்டரிதான், பழையதில் பாதி மீதம் இருந்தாலும்.

படிப்பா? லாசால் கலைக் கல்லூரியில் ஆடியோ புரொடக்‌ஷன் டிப்ளோமா இருக்கிறது. யோங் சியூ தோ இசைக் கல்லூரியில் ஒலித்துறைப் பட்டப்படிப்பே உண்டு. ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். எது தெரியவில்லை என்று தெரிந்த பின் படித்தால் கட்டணம் வீணாகாது.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சம்பள வேலையில் உங்கள் வயதுக்காரருக்கு முதலாளி 17 விழுக்காடு மத்திய சேம நிதியில் போடுவார். ஃப்ரீலான்ஸில் அது கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பையும் நீங்களே கட்ட வேண்டும். இதையெல்லாம் கணக்கில் வைத்துக் கூலி கேளுங்கள். முதல் இரண்டு வருடம் ஏதாவது நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தால் வீட்டிலும் சண்டை குறையும்.

பாம் ஷெல்டர் வேண்டாம். சுற்றிலும் கான்கிரீட். சுவருக்குச் சுவர் இரண்டு மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ் பக்கம் அடி ஒலி (பேஸ்) தேங்கி, ஆண் குரல் பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். கம்பளி தொங்கவிட்டால் மேல் ஒலி மட்டும் அடங்கும், அடி ஒலி அப்படியே நிற்கும். அதற்குப் பதில் படுக்கையறையில் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: விடிகாலையில் உங்களுக்கு முன்னால் குயில் தொடங்கிவிடும்.