40 இருக்கை, 4 கார்: எந்த இடத்தை எடுக்கலாம்?

கேள்வி: பெங்களூரில் ஐடி வேலை பார்த்துவிட்டு சொந்த ஊரான திருநெல்வேலிக்கே திரும்பி வந்துவிட்டேன். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக 40 பேர் உட்காரும் கோவொர்க்கிங் இடம் (பலரும் பகிர்ந்து வேலை செய்யும் அலுவலகம்) ஒன்று தொடங்க ஆசை. மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். வண்ணார்பேட்டை தெற்கு பைபாஸ் ரோட்டில் ஒரு மூன்றாவது மாடி, 4 காரும் 15 பைக்கும் நிற்கும். பெருமாள்புரத்தில் ஒரு பழைய வீடு, 2 கார்தான், ஆனால் காம்பவுண்டுக்குள் நிறைய மண்தரை. கே.டி.சி. நகரில் ஒரு புதுக் கட்டடம், 10 கார்கூட நிறுத்தலாம். பார்க்கிங்கை நினைத்தால்தான் குழப்பமாக இருக்கிறது.
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: காரை விடுங்கள், முதலில் பைக்கை எண்ணுங்கள். நம்ம ஊரில் இந்த மாதிரி இடத்துக்குத் தினமும் வரப்போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கூட்டரிலும் பைக்கிலும் வருவார்கள், மிச்சப் பேர் பஸ்ஸில் வருவார்கள். 40 இருக்கையும் நிரம்புகிற நாளில் எப்படியும் 25, 30 இருசக்கர வண்டி வந்து நிற்கும். ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்தாறு பைக்கை அடுக்கிவிடலாம் என்பதால், 4 கார் என்று ஓனர் சொல்வதில் 2 காரை பைக்குக்கு மாற்றினாலே வண்ணார்பேட்டைக் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். ஆனால் அந்த 4 காரும் 15 பைக்கும் உங்களுக்கு மட்டுமா, இல்லை கீழ்த்தளக் கடைக்கும் இரண்டாவது மாடிக்கும் சேர்த்தா? இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் இதே கதைதான். பார்க்கிங் உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், பத்து மணிக்குப் போனால் கீழே இருந்த கடையின் சரக்கு வண்டி குறுக்கே நிற்கும், நாங்கள் தெருத்தெருவாக நிழல் தேடி அலைவோம். எத்தனை வண்டி, எந்தப் பக்கம் என்று வரைபடத்தோடு வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வண்ணார்பேட்டையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வந்தபோது ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் எல்லாம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெங்களூரில் இருந்திருந்தால் வீட்டில் கேளுங்கள். அந்தக் கட்டடத்தின் பார்க்கிங் தரைக்குக் கீழே இருந்தால், பக்கத்து டீக்கடையில் போய் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று விசாரியுங்கள், சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். ஜெனரேட்டரையும் யுபிஎஸ்ஸையும் அங்கே கீழே வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கே.டி.சி. நகர் கார்க்காரர்களுக்கு வசதிதான், நான்குவழிச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் 10 கார் நிற்கும் என்பதற்காக மட்டும் அங்கே போகாதீர்கள். உங்கள் உறுப்பினர்களில் வள்ளியூரிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் அங்கே வர வேண்டும், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பவும் அதே பாடு.

அதனால் என் ஓட்டு பெருமாள்புரத்துக்குத்தான். புது பஸ் ஸ்டாண்டு பக்கம். பஸ்ஸில் வருகிற ஒவ்வொருவரும் உங்களுக்கு ஒரு வண்டி இடத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்கள். மண்தரையை அப்படியே விடாதீர்கள், ஐப்பசி மழையில் சைடு ஸ்டாண்டு மண்ணில் இறங்கி ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையாக ஏழெட்டு வண்டி சாயும், கண்ணாடி உடைந்த கோபம் உங்கள் மேல்தான் வரும். பேவர் பிளாக் பதித்துக் கோடு போடுங்கள். வேப்பமரம் இருந்தால் ஒரு கிளையைக்கூட வெட்ட விடாதீர்கள், சித்திரை வெயிலில் சீட்டில் கைவைக்க முடியாத ஊர் இது.

குடியிருப்புத் தெரு என்பதால் அக்கம்பக்கத்து மனசு ரொம்ப முக்கியம். காலையில் கோலம் போட்டு நிமிர்வதற்குள் அதன் மேல் டயர் தடம் விழுந்தால் எந்த அக்காவுக்கும் வருத்தம் வரத்தான் செய்யும். தொடங்குவதற்கு முன்னாலேயே இருபக்கமும் நாலைந்து வீட்டுக்கு நேரில் போய்ப் பேசிவிட்டு, கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றால் கூப்பிட உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டு மின் இணைப்பை வணிக இணைப்பாக மாற்ற வேண்டும், சொத்துவரியும் கூடும். அதை யார் கட்டுவது என்று ஓனரிடம் இப்போதே பேசி முடியுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் மூன்று இடத்துக்கும் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் எல்லாத் தெருவும் அகலமாகத்தான் தெரியும்.

கேள்வி: காரில் வருகிறவர்களிடம் பார்க்கிங்குக்குத் தனியாகக் காசு வாங்கலாமா?
- அதே வாசகி

பதில்: தினமும் காரில் வருகிற உறுப்பினரிடம் மாதக் கட்டணமாக வாங்குங்கள், தப்பே இல்லை. பைக்குக்கு வாங்காதீர்கள். ஒரு கார் இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் காலியாக வையுங்கள். மீட்டிங்குக்கு வரும் வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றினால், அவரைக் கூப்பிட்ட உறுப்பினர் அடுத்த மாதம் உங்களிடம் இருக்க மாட்டார்.