பழைய ரூட்டரை இரண்டாவது வைஃபையாக மாற்றுவது எப்படி?

பின் அறைக்கு சிக்னல் வரவில்லை, சும்மா கிடக்கும் பழைய ரூட்டரைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முதல் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், பழையதைத் தனியாகக் கணினியில் இணைத்து அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அடுத்ததுதான் முக்கியம்: அதில் டிஹெச்சிபியை, அதாவது நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரி என்ற அடையாள எண்ணைத் தானாகக் கொடுக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்தால் ஒரு மேசைக்கு நெட் வரும், பக்கத்து மேசைக்கு வராது. இதை மறந்துவிட்டு, எங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போன பிரிண்டரை அரை நாள் தேடினோம்.

அப்புறம், முதல் ரூட்டரிலிருந்து வரும் கேபிளைப் பழைய ரூட்டரின் 'இன்டர்நெட்' போர்ட்டில் செருகாமல், கணினி போன்றவற்றை இணைக்கும் லேன் போர்ட்டில் செருகுங்கள். 100 மீட்டர் வரை இழுக்கலாம். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் சேனலை (அலைவரிசைப் பகுதியை) மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள்.