சோளமும் மிளகாயும்: நீர்விடாமல் வதக்கும் முறை

தம்பி, உறைய வைத்த சோளத்தையும் பச்சை மிளகாயையும் சேர்த்து வதக்கினால் பொரியல் நீர்விட்டுத் தித்திப்பாகவே முடிகிறது என்றும், காரத்துக்காக மிளகாயைக் கூட்டினால் வீடெங்கும் நெடி ஏறிப் புகை எச்சரிக்கை மணி அலறுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் பலரும் கேட்கும் கேள்விதான் இது. சோளத்தையும் மிளகாயையும் தனித்தனியே வதக்கிக் கடைசியில் ஒன்றுசேர்த்தால் இத்தொல்லைகள் பெரும்பாலும் தீரும்.

உறைந்த சோளத்தைக் கொதிநீரில் சிறிது நேரம் இட்டெடுத்த பிறகே உறைய வைக்கிறார்கள் என்பதால், அது ஏறக்குறைய வெந்த பொருளே. நாம் செய்யவேண்டியது அதன் ஈரத்தைப் போக்குவது மட்டும். சல்லடையில் கொட்டி உருகவிட்டு, துணியால் ஒற்றியெடுங்கள். கண்ணாடித் தளமுள்ள மின்னடுப்பு மெல்லவே சூடேறும் என்பதால், அகன்ற வாணலியை முன்கூட்டியே நன்றாகக் காயவைத்து, சிறிது எண்ணெய் விட்டு, சோளத்தை ஓரடுக்காகப் பரப்பி, ஓரிரு நிமிடம் கிளறாமல் விடுங்கள். வாணலியை நிறைத்தால் சோளம் வதங்காது, தன் ஆவியிலேயே வேகும். ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் தட்டில் எடுத்துவிடுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும். ஆகவே அது கடைசியில்தான்.

தித்திப்பை நீக்க வழியில்லை, ஏனெனில் கடைகளில் விற்பது பெரும்பாலும் சர்க்கரை மிகுந்த ஸ்வீட் கார்ன் வகை. அந்தப் பழுப்பும், அடுப்பை அணைத்தபின் பிழியும் எலுமிச்சையும் அதைத் திகட்டாமல் காக்கும். டின்னில் வருவதையும் நீரை வடித்துப் பயன்படுத்தலாம், ஆனால் அது மென்மையாகிவிட்டிருக்கும் என்பதால் எனக்கு உவப்பில்லை.

மிளகாயைப் பருமன் பார்த்து வாங்காதீர்கள். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் ஹாலபீனோ 2,500 முதல் 8,000 வரையும், செரானோ 10,000 முதல் 23,000 வரையும் இருக்க, சிறு விளக்குப் போல அழகாகத் தொங்கும் ஹபனேரோ 1,00,000-ஐத் தாண்டும். குடைமிளகாய்க்குக் காரமே இல்லை. செரானோ இரண்டும், நிறத்துக்கும் கடிக்கும் பதத்துக்கும் பாதிக் குடைமிளகாயும் இரண்டு கோப்பைச் சோளத்துக்குப் போதும். காரம் மிகுந்திருப்பது விதையில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விதையைத் தாங்கும் வெண்ணிறச் சதையில்தான் அது அதிகம். குறைக்க விரும்பினால் அதைச் சுரண்டியெடுங்கள்.

காரத்தைத் தரும் காப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே தீயைத் தணித்து, எண்ணெயில் கடுகு, சீரகம் தாளித்து, வெங்காயமும் மிளகாயும் நிதானமாக வதங்கவிட்டால், காரம் எண்ணெயில் இறங்கிச் சோளமெங்கும் பரவும். கமறலும் குறையும், ஏனெனில் கடுஞ்சூட்டில் மிளகாய் கருகும்போதுதான் நெடி மிகுதியாகக் கிளம்புகிறது. பிறகு சோளத்தைக் கொட்டி, உப்பிட்டு, ஒரு நிமிடம் புரட்டினால் போதும்.

சமைக்கத் தொடங்கும் முன்பே புகைபோக்கி விசிறியைப் போட்டுச் சன்னலைத் திறந்துவையுங்கள். எச்சரிக்கை மணியின் மின்கலத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள். அது உயிரைக் காக்கும் கருவி, அப்படிக் கழற்றுவது பல வாடகை வீடுகளில் ஒப்பந்த மீறலாகவும் ஆகும். மிளகாய் நறுக்கிய கையில் எண்ணெய் தடவித் தேய்த்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; கண்ணில் லென்ஸ் அணிபவராயின், அதைத் தொடும் முன் இன்னொரு முறையும் கழுவுங்கள்.