எம்.எஸ். குரலோடு ஒலித்த இன்னொரு குரல்

புகழ்பெற்ற பாடகர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் துணையாகவும் உதவியாகவும் இருந்தவர்களுள் உங்கள் மனத்தில் நிற்பவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் அருகில் அமர்ந்து பல பத்தாண்டுகள் பின்பாட்டுப் பாடிய ராதா விஸ்வநாதன்தான் அவர்.

சிறு வயதில் எங்கள் தெருமுனைப் பெருமாள் கோயிலில் மார்கழி முழுவதும் விடியற்காலையில் சுப்ரபாதம் ஒலிபரப்புவார்கள். சங்கீதம் கற்றிருந்த என் பெரியம்மா ஒரு நாள், "இதில எத்தனை பேர் பாடறாங்க, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார். ஒருவர்தான் என்றேன். நன்றாகக் கேள் என்றார். பல நாட்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட பிறகுதான், அந்தப் பெருங்குரலை ஒட்டியே, அதன் ஏற்ற இறக்கங்களையெல்லாம் தானும் ஏறி இறங்கியபடி இன்னொரு குரல் செல்வது எனக்குப் பிடிபட்டது. "அதுதான் ராதா, எம்.எஸ்.ஸோட பொண்ணு" என்றார் பெரியம்மா.

ராதா, எம்.எஸ். பெற்ற மகள் அல்லர். 1934-ல் சதாசிவத்துக்கும் அவருடைய முதல் மனைவிக்கும் பிறந்தவர். தாயை இழந்திருந்த ராதாவும் அவருடைய தங்கை விஜயாவும், 1940-ல் சதாசிவத்தை மணந்துகொண்ட எம்.எஸ்.ஸின் கையில் வளர்ந்தார்கள். எம்.எஸ்.ஸுக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை. ஐந்தாறு வயதிலேயே 'சகுந்தலை' படத்தில் சிறுவன் பரதனாகவும், பின்னர் 1945-ல் வெளிவந்த 'மீரா'வில் குழந்தை மீராவாகவும் ராதா நடித்தார். எழுத்தாளர் கல்கியின் மகள் ஆனந்தியுடன் சேர்ந்து வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதநாட்டியம் பயின்று மேடைகளில் ஆடியதும் உண்டு. நடனத்தை விட்டுவிட்டு முழுமையாகப் பாட்டின் பக்கம் அவர் வந்தது, தன் பெயரில் தனிக் கச்சேரி செய்வதற்காக அல்ல, அம்மாவுடன் பாடுவதற்காகத்தான். அந்த நடனம் நமக்குத் தொடர்ந்து கிடைக்காமல் போனது இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

பின்பாட்டு என்பது என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் ராதா செய்தது விளங்கும். பிரதானப் பாடகர் ஒரு வரியைச் சங்கதி சங்கதியாக, அதாவது சிறுசிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்பப் பாடி, வளர்க்கும்போது, அடுத்த சங்கதி எது என்பதை அவருடைய மூச்சிலிருந்தே ஊகித்து உடன் செல்ல வேண்டும். ஆனால் ஓர் இமைப்பொழுதுகூட முந்திவிடக் கூடாது. அவர் மேல் ஸ்தாயியில் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் வரியின் நுனி அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டது அவையினருக்குத் தெரியவும் கூடாது. நிரவலிலும் கற்பனை ஸ்வரத்திலும், அதாவது ஒரு வரியையோ ஸ்வரங்களையோ அந்தக் கணத்தின் கற்பனையில் விரித்துப் பாடும் இடங்களில், தன் முறை வரும்போது நன்றாகப் பாட வேண்டும், எனினும் அந்தக் கச்சேரியின் போக்கையும் கனத்தையும் மாற்றிவிடாத அளவில் பாட வேண்டும். எம்.எஸ். போன்ற ஒருவருக்கு இதைச் செய்வது மேலும் கடினம். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், இந்தி, வங்காளம், குஜராத்தி எனப் பல மொழிகளில் அவர் பாடினார். உச்சரிப்பில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அவர் மனம் ஒப்பாது. அவற்றையெல்லாம் அதே சுத்தத்துடன் ராதாவும் பாடம் செய்து வைத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டுப் பட்டியலைத் தீர்மானித்தவர் சதாசிவம். அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, மேடையில் எம்.எஸ்.ஸின் கண்ணசைவுக்குக் காத்திருந்தவர் ராதா.

மீண்டும் சுப்ரபாதத்துக்கே வருகிறேன். 1963-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டில் சுப்ரபாதம் 29, ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14 என மொத்தம் 70 சுலோகங்கள் இருக்கின்றன. சுலோகங்களை ஒரே ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, கீர்த்தனையில் இருப்பதைப் போல மூச்சு விடுவதற்கான ஓய்விடங்கள் அதிகம் கிடைப்பதில்லை. இரண்டு குரல்களும் ஒரே உச்சரிப்பில், ஒரே வேகத்தில், ஒரே பக்தியில் இணைந்து சென்றதால்தான் அந்த ஓட்டம் எங்கும் தடைப்படாமல் நமக்குக் கேட்கிறது என்பது என் துணிபு. அதன் உரிமத்தொகை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு அளிக்கப்பட்டது பலரும் அறிந்த செய்தி.

அதே 1963-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவிலும், 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையிலும் எம்.எஸ். பாடியபோது உடன் பாடியவர் ராதாவே. காஞ்சிப் பெரியவர் இயற்றிய 'மைத்ரீம் பஜத'வும், ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதித் தந்த பிரார்த்தனையும் ஐ.நா. மண்டபத்தில் ஒலித்ததைப் பற்றி நம்மவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளில் பின்பாட்டுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. இது என்னை இன்றும் வருத்துகிறது.

1982-ல் மூளைக்காய்ச்சல் ராதாவைக் கடுமையாகத் தாக்கியது. அவர் உயிர் பிழைத்ததே பெரும்பாடாக இருந்தது. பிற்காலத்தில் சக்கர நாற்காலியின் துணையோடு வாழ வேண்டியும் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து கல்கியின் பேத்தி கௌரி ராம்நாராயண் எம்.எஸ்.ஸுக்குப் பின்பாட்டுப் பாடினார். ராதாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் தங்கி நிற்பது இந்த இடத்தில்தான். குழந்தைப் பருவம் முதல் வேறொருவர் குரலின் மூச்சை அளந்தே தன் மூச்சை வைத்திருந்த ஒருவர், அந்தக் குரல் மேடையில் ஒலிக்கும்போது தான் அங்கே இல்லாதிருப்பதை எப்படித் தாங்கியிருப்பார்?

1997-ல் சதாசிவம் காலமான பின் எம்.எஸ். மேடையேறவில்லை. 2004 டிசம்பர் 11 அன்று அவரும் மறைந்தார். அதன் பிறகு பெங்களூரில் இருந்த ராதா, தன்னிடம் இருந்த அம்மாவின் பாடாந்தரத்தை, அதாவது அவர் பாடிய வழியை, தன் பேத்திகள் ஐஸ்வர்யாவுக்கும் சௌந்தர்யாவுக்கும் கற்றுக்கொடுத்தார். 2018 ஜனவரி 2 அன்று, தமது 83-ஆம் வயதில் அவர் காலமானார்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். சுப்ரபாதத்தை நாளைக் காலையில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். 'கமலாகுச' என்று ஸ்தோத்திரம் தொடங்கும் இடத்தில் எம்.எஸ்.ஸின் குரலைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் ஓரமாகச் செல்லும் மற்ற குரலை மட்டும் பின்தொடருங்கள். முதல் முறை பிடிபடாவிட்டால் மறுநாளும் கேளுங்கள். எனக்கும் பல நாட்கள் ஆயின.